பெட்டியில் போடாத விண்ணப்பம்

ஜமுனாமரத்தூர் சபையில் அன்றைக்கு உபவாச ஜெபம். ஏழரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சசிகலாவுக்கு வேறு தாள் அகப்படவில்லை. ஜெபப் பெட்டியில் போடுவதற்காக எழுதிவைத்திருந்த விண்ணப்பச் சீட்டின் பின்பக்கத்திலேயே, கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்த கணவருக்கு எழுதினாள்.

"நிவேதா அப்பா, சாமைச் சோறு ஆக்கிட்டேன். மொச்சக்கொட்டைக் கொழம்பு மத்தியானம் வர்ற உங்க பொண்ணுக்கு. நீங்களே வழிச்சித் தின்னுடாதீங்க. சொல்பேச்சு கேக்காம கட்டிக்கினு போனவ மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். நாலு மணி பஸ்ஸுல அவ கெளம்பினப்புறம் வூட்டுக்கு வர்றேன்."

சீட்டை மடிக்கப் போனவள் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

'என் மகளின் கல்லான இருதயம் இளக ஜெபிக்கவும்.'

அவள் கையெழுத்துதான். கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் நிவேதா நாலு தரம் மலையேறி வந்துவிட்டாள். நாலு தரமும் வீட்டில் இல்லாமல் போனது யார்?

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. சசிகலா 'மகளின்' என்பதை மட்டும் அடித்தாள். சீட்டைத் திருப்பி, அடியில் இடுக்கி எழுதினாள்.

"அவளை நாலு மணி பஸ்ஸுக்கு வுடாதீங்க. நான் மூணுக்கே வந்துடறேன். இந்தச் சீட்டைத் திருப்பியும் படிக்கச் சொல்லுங்க."