கலக்குவதை நிறுத்தச் சொன்னவன் நீ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதல் சொல் வழக்கத்துக்காக மட்டும். போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கணவன் என்பதால் நீ உயிரோடிருந்தபோது பேசவில்லை. காரியம் முடியும்வரையும் பேசவில்லை. இப்போது பெரம்பலூரில் நம் கல்லூரி ஆய்வகத்தில் உன் படத்தைத் திறக்கப்போகிறார்கள். கீழே 'கலக்கிப் பிரிக்கும் முறையைக் கண்டவர்' என்று எழுதியிருக்கிறார்களாம்.

கண்டவன் நீயா?

அரியலூரில் சிமென்ட் சாக்கு நெய்யும் ஆலையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? நூலுக்கான பிளாஸ்டிக்கில், அந்தப் பாலிபுரொப்பிலீனில், இரண்டு வகை கலந்திருந்தது. ஒன்றின் சங்கிலியில் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும். மற்றதில் தாறுமாறாக நிற்கும். சரக்கு ஒன்றுதான், ஒழுங்குதான் வேறு. இரண்டையும் பிரிக்க, நம் ஆய்வகத்தில் அதைச் சூடான சைலீன் திரவத்தில் கரைத்து, மெல்ல ஆறவிட்டபடி மோட்டார் வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தேன். நீ கதவோரம் நின்று சிரித்தாய்.

"என்ன மச்சான், கல்யாண வூட்டுக்குப் பாயசம் கிண்டுறியா? மோட்டார நிறுத்து, தானா படியும்."

"படிஞ்சா ரெண்டும் சேந்துதான் படியும். நீ போயி டீ குடிச்சிட்டு வா."

நீ திரும்பி வந்தபோது கலக்கும் கோலைச் சுற்றி வெள்ளை நார் ஏறியிருந்தது. சும்மா வைத்தால் எதுவும் படியாத சூடு அது. கலக்கலின் இழுப்பில் ஒழுங்கான சங்கிலிகள் நீண்டு, வரிசையாகி, படிகமாகிவிட்டன. தாறுமாறானவை கரைசலிலேயே தங்கின. பிறகு வந்த கட்டுரையில் தலைப்புக்குக் கீழே உன் பெயர். கடைசிப் பக்கத்தில், குடுவை கழுவியவரோடு சேர்த்து, எனக்கு நன்றி.

திருடியதையாவது சரியாகத் திருடினாயா? கரையும்வரை கலக்கினால் போதும், பிறகு குளிரவைப்பதுதான் சூட்சுமம் என்று ஊரெல்லாம் பேசினாய். உன் மாணவர்கள் இன்றும் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் குளிரவைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து கூழாக விழுகிறது. ஏன் என்று கேட்டால், "சார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாருங்க."

நேற்று உன் மனைவி செந்துறையிலிருந்து போன் செய்தாள். "அண்ணே, நெனவு மலருக்கு நாலு வரி எழுதிக் குடு. செத்தவரோட இன்னும் என்ன வம்பு?"

எழுதிவிட்டேன், மலருக்கு இந்தக் கடிதம்தான். படத்திறப்புக்கு வரமாட்டேன். ஆனால் மறுநாள் வருவேன், இது சத்தியம். உன் படத்துக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளைகளுக்குக் கலக்கிக் காட்டுவேன்.

'உன் மைத்துனன்' என்று எழுதி அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடாமலே ஆண்டிமடம் தபாலாபீசில் சேர்த்துவிடுகிறேன். எழுதியது யார் என்று மலர் போடுகிறவர்களுக்குத் தெரியும். இந்த முறையாவது என் பெயரை அவர்களே போடட்டும்.