நிற்கச் சொன்னது நான்

அக்கா,

மூன்று நாளாக ஆரணியில் மழை விடவில்லை. இன்று காலை அப்பா இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்துத் தறிக்கு அடியில் தள்ளினார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் இழைகளைத்தான் பாவு என்போம். ஈரக் காற்றில் அது பிசுபிசுத்துப் போயிருந்தது. அப்படியே நெய்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். கரிச்சூடு பட்டதும் ஈரப் பட்டிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. தலைமுடி காய்வது போன்ற வாசனை. நான் அவசரத்தில் தறிக் குழிக்குள் காலை விட்டேன். அப்பா அதட்டினார்.

"ஈரத்துல ஓட்டாத. நிறுத்து. காயட்டும்."

குழியிலிருந்து காலை வெளியே இழுத்தேன். செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்து மழையில் நின்றேன். அப்பாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உங்களுக்குப் புரியும். உங்களுக்கு மட்டும்தான் புரியும்.

நாம் பழகியது கண்ணமங்கலம் சாலையில். வேலூரில் என்ஜினியரிங் படிப்பை மூன்றாவது செமஸ்டரோடு விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஏன் விட்டாய் என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வகுப்பிலும் முடியவில்லை, வீட்டிலும் முடியவில்லை. விடிவதற்கு முன் எழுந்து ஓட ஆரம்பித்தேன். தனியாக ஓடும் பெண்ணைக் கண்டால் பைக்கில் போகிறவனுக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏய், பஸ்ஸு போயிடுச்சு!" என்று ஒருநாள் இரண்டு பேர் கத்தினார்கள். என் பின்னாலிருந்து பதில் போயிற்று.

"உங்கம்மாவும் அதே பஸ்ஸுக்குத்தாண்டா ஓடிகினு வர்றாங்க. நின்னு ஏத்திகினு போங்க!"

திரும்பிப் பார்த்தேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சு. காலில் பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நாற்பது வயது இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தீர்கள்.

"யாருக்கா நீங்க?"

"ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கு. சக்கர வந்துடும், நடங்கன்னாரு டாக்டரு. நடக்குறது பேஜாரா கீது, அதான் ஓடுறேன். உன்ன யாரு தொரத்துறாங்க?"

"வீட்லதான்."

"அப்போ வா. ரெண்டு பேரா ஓடுனா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

அன்றிலிருந்து இரண்டு வருஷம். நான் முன்னால், நீங்கள் பின்னால். நான் நின்று திரும்பிப் பார்த்துக் கத்துவேன்: "ஆமை!" நீங்கள் கையை மட்டும் ஆட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சர்ச்சில் பூசை இருக்கும். அதனால் சனிக்கிழமைகளில் கலசப்பாக்கம் பக்கம் பஸ் பிடித்துப் பர்வதமலை ஏறுவோம். கீழே டீக்கடைக்கார அம்மா நம்மைப் பக்தர்கள் என்று நினைத்து, "என்னா வேண்டுதல் மா?" என்று ஒருமுறை கேட்டார். "வயிறு கொறையணும்" என்றீர்கள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் டீ சிந்திப் போயிற்று.

இமாச்சலத்து ஓட்டத்தை போனில் பார்த்து உங்களிடம் காட்டியதும் நான்தான். ஜனவரியில், பனிமலை முகட்டில், ஒரே நாளில் ஐம்பது கிலோமீட்டர். உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தீர்கள்.

"பனிய நான் ஃப்ரிட்ஜ்ல பாத்ததோட சரி டீ."

உங்கள் மகள் ஜெனி அப்போது பதினொன்றாம் வகுப்பு. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ம்மா, வழுக்கி விழுந்தா வீடியோ எடுத்து அனுப்பு."

குளிர் பழக வேண்டுமென்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஐஸ்கிரீம் குடோனுக்குப் போனோம். பெரிய குளிர் அறை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நாம் இரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குதிக்கிறோம். குடோன்காரர் கதவைச் சாத்துவதற்கு முன் சொன்னார்: "பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல போச்சுன்னா குச்சி சொருகி வித்துடுவேன்." பல் கிடுகிடுக்க நீங்கள் "மாதாவே, மாதாவே" என்றீர்கள். நான் கேலி செய்தேன். குளிர் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன் அக்கா. அது காற்றில்லாத, ஈரமில்லாத குளிர். அதைப் போய்க் குளிர் என்று நினைத்தேன்.

இமாச்சலத்தில் ஓட்டத்துக்கு முந்தின நாள், அதை நடத்துகிறவர்கள் கூடாரத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். பேசியவர் ஒரு மலைக்காரர். இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னார்: நனைந்துவிட்டால் முகட்டில் நிற்காதீர்கள். மெதுவாகவாவது நடந்துகொண்டே இருங்கள். வழியெல்லாம் கூடாரம் உண்டு, அடுத்ததில் நெருப்பு இருக்கும், அங்கே உடுப்பை மாற்றுங்கள். நீங்கள் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். நான் ஷூ நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முதல் பாதி நன்றாக இருந்தது. பனி காலடியில் நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டு, "பொட்டுக்கடலை மாதிரி கீது" என்று சொன்னீர்கள். இரண்டாவது கூடாரத்தில் பருப்பு சூப் குடித்தோம். அதைத் தாண்டி முகட்டில் ஏறியதும் வானம் இறங்கிவிட்டது. பனியும் மழையும் கலந்து பக்கவாட்டில் அடித்தது. நம்முடைய மலிவு ஜாக்கெட் கால் மணி நேரம் தாங்கவில்லை. உள்ளே பனியன் வரை நனைந்தது. அடுத்த கூடாரத்துக்கு மூன்று கிலோமீட்டர்தான், அதுவும் இறக்கம். ஆடு மேய்ப்பவர்கள் கல்லை அடுக்கிக் கட்டி வைத்த ஒரு பாதிச் சுவர் வழியில் இருந்தது. அங்கேதான் நான் நின்றேன்.

"அக்கா, நில்லுங்க. எல்லாத்தையும் புழிஞ்சு காயவெச்சிகினு போலாம்."

"நிக்காதீங்கன்னு அந்த ஆளு அத்தன வாட்டி சொன்னாரே டீ."

"அவருக்கு என்னா தெரியும்? ஈரத்தோட ஓட்டுனா அறுந்துடும்கா. எங்க வீட்ல பாவு நனஞ்சா தறியவே ஓட்ட மாட்டோம், ஒடம்ப ஓட்டலாமா?"

"நான் நடக்குறேன். நடந்தா சூடு வந்துடும். ஜெனி போன் மேல போன் போட்டுகினு இருப்பா, அவகிட்ட பேசணும். வா டீ."

"சொன்னா கேளுங்கக்கா! ஓடுறதப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

நீங்கள் இரண்டு அடி எடுத்து வைத்திருந்தீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். நான் நன்றாக ஓடுகிறவள், அதனால் எனக்குத் தெரியும் என்று நம்பினீர்கள்.

உங்கள் ஜாக்கெட்டை நான்தான் கழற்றினேன். கையுறையைக் கழற்றிப் பிழிந்து கல்லின் மேல் விரித்தேன். தீப்பெட்டியை எடுத்து உரசினேன், குச்சிகள் ஊறிப்போய்த் தலை உதிர்ந்தது. எங்கள் வீட்டில் ஈரம் என்றால் நிறுத்த வேண்டும், காயவைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அது என் கைக்கே பழகிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் கூரை உண்டு. சட்டியில் தணல் உண்டு. அந்த முகட்டில் ஓடிக்கொண்டிருக்கிற நம் உடம்பு ஒன்றுதான் தணல். அதை நான் நிறுத்திவிட்டேன்.

நான் சும்மா இருக்காதவள். அந்த அரை மணி நேரமும் குதித்தேன், சுவரைச் சுற்றி நடந்தேன், கல்லைப் பொறுக்கினேன், காற்றைத் திட்டினேன். அதனால்தான் பிழைத்தேன். உங்களை மட்டும் உட்கார வைத்தேன்.

முதலில் நடுங்கினீர்கள். பிறகு நடுக்கம் நின்றது. அக்கா, நான் சந்தோஷப்பட்டேன். "பாத்தீங்களா, குளிர் விட்டுப்போச்சு" என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "தூக்கம் வருது டீ" என்றீர்கள். கையுறையை உங்களிடம் நீட்டினேன், விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஜாக்கெட்டை மேலே போர்த்திவிட்டுக் கீழே ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கூடாரத்திலிருந்து தன்னார்வலர்கள் நான்கு பேர் தூக்குப் படுக்கையோடு மேலே வந்தார்கள், நானும் அவர்களோடு திரும்பி ஏறினேன். ஜீப்பில் கீழ் ஊருக்குப் போகிற வழியில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

வழியில் ஏன் நின்றீர்கள் என்று அங்கே கேட்டார்கள். என் வாயில் வந்தது இதுதான்: "அவங்கதான் நின்னாங்க. நிக்காதீங்கன்னு நான் சொன்னேன்."

ஒரே ஒரு தடவை சொன்ன பொய். பிறகு அதைத் திரும்பச் சொல்லவேண்டிய அவசியம்கூட எனக்கு வரவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னார், பள்ளி ஆபீசில் சொன்னார்கள், சாவு வீட்டில் எனக்கு ஆறுதலாகவே சொன்னார்கள்: பாவம், இந்தப் பொண்ணு எவ்வளவோ சொல்லியிருக்கு, அவங்கதான் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெனி அழவே இல்லை. அதை நான் தைரியம் என்று நினைத்தேன். நேற்று கல்லறைத் திருநாள். மழையிலும் ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் மட்டும் தனியாக வந்து பூ வைத்தார். ஜெனி எங்கே என்று கேட்டேன். "வர மாட்டேங்குறா" என்றார். அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வரல ஜெனி?"

"வந்து என்னா பண்றது? நடன்னு நீ சொன்னல்ல? நடக்க முடியலன்னு உக்காந்துட்டாங்கல்ல? நான் ஒருத்தி இங்க கீறேன்னு நெனப்பு இருந்தா நடந்திருப்பாங்க. இல்ல, அந்த நெனப்பே இல்ல. அப்புறம் நான் எதுக்குப் பூ வெக்கணும்?"

நேற்றும் உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

இன்று காலை அப்பா அதட்டிய பிறகு, நனைந்த உடுப்போடு அப்படியே உங்கள் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்த ஜெனி என்னைப் பார்த்துத் துண்டு எடுக்க உள்ளே திரும்பினாள். துண்டு வேண்டாம், நில்லு என்றேன். வாசலிலேயே சொன்னேன். நிற்கச் சொன்னது நான். ஜாக்கெட்டைக் கழற்றியது நான். உங்கம்மா நடக்கத்தான் பார்த்தாங்க, இரண்டு அடி வைத்தாங்க, நான் கத்தித் திருப்பி உட்கார வைத்தேன். அங்கே போய்ப் பொய் சொன்னேன்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"நடக்குறேன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"நான் நடக்குறேன். நடந்தா சூடு வந்துடும். ஜெனி போன் மேல போன் போட்டுகினு இருப்பா, அவகிட்ட பேசணும்."

"போட்டுகினுதான் இருந்தேன்" என்றாள். "பதினோரு வாட்டி போட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். உங்கள் கண்தான் அக்கா அவளுக்கு. ஆனால் நீங்கள் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"பத்து மாசமா எங்கம்மாவத் திட்டிகினு கீறேன். ராத்திரி பகலா. நீ கேட்டுகினே இருந்த. வெளிய போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

படியிறங்கினேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவள்தானே பதில் சொல்லியிருக்க வேண்டும்?

தெருமுனையில் பூட்டியிருந்த கடை ஓரம் ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஜெனி குடையோடு வெளியே வந்தாள். எதிர்க் கடையில் மெழுகுவர்த்தி வாங்கினாள். என்னைத் தாண்டித்தான் போனாள், பார்க்காத மாதிரி. தூரத்திலேயே பின்னால் போய்க் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றேன். நேற்று வைத்த பூவெல்லாம் மழையில் சேறாகிக் கிடந்தது. அவள் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் மெழுகுவர்த்திக்கு மேல் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். மூன்று முறை அணைந்தது, மூன்று முறையும் பற்றவைத்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஏதோ சொன்னாள், நிறையச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னதும் இல்லை.

இதை எழுதுகிற இப்போது மாலையாகிவிட்டது. நாளைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் வருவார், அப்பா முன்னால் நிற்பார், கேட்பார். சொல்வேன். ஓடிப் போக மாட்டேன்.

ஜெனிக்கு உங்கள் மேல் இருந்த கோபத்தை இன்று என் மேல் இறக்கி வைத்துவிட்டாள். அது என்னுடையதுதான், பத்து மாதமாக உங்களிடம் இருந்துவிட்டது. அவள் திரும்பக் கேட்கிற வரைக்கும், கேட்காமலே போனாலும், அதை நான் வைத்திருப்பேன், அக்கா.