ஒரே தண்ணீரில் எட்டுத் தொட்டி

9 ஜூன் 2025, திங்கள்

இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. மூன்றாவது நாள். வடசென்னையில், ஆலைகளுக்கு நடுவே, விம்கோ நகர் ஷெட்டில் எட்டு மீன் தொட்டிகள், அவற்றுக்குப் பின்னால் பன்னிரண்டு கீரை மேடைகள். மீன் அசுத்தம் செய்த தண்ணீர் வடிகட்டி வழியாக மேடைகளுக்குப் போகிறது. மண்ணே இல்லாமல் லெட்யூஸும் புதினாவும் அதில் வளர்கின்றன. வேர்கள் சுத்தம் செய்த தண்ணீர் மறுபடி மீனுக்கே வருகிறது. சுற்றிச் சுற்றி வருவது ஒரே தண்ணீர்தான், ஆனாலும் வெயிலில் தினமும் குறைகிறது. எங்கிருந்தாவது ஊற்ற வேண்டும்.

இடம் கமாலுதீன் பாயுடையது, அவருடைய பழைய இரும்புக் கிடங்கு. வரைபடம் என்னுடையது, மூலையில் 'ரெஜினா' என்று என் கையெழுத்து. இருபது வருஷம் மற்றவர்களின் ஆலைகளுக்குக் குழாய் வரைந்தேன். எனக்கென்று வரைந்தது இது ஒன்றுதான்.

18 ஜூன், புதன்

போன வாரம் ஒரு யோசனை வந்தது. கூரை முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடு, அவ்வளவு பெரிய கூரை. மழைத் தண்ணீரை அப்படியே குழாயில் இறக்கி அடித்தொட்டியில் சேர்த்தால் லாரியை நம்பவேண்டாம். மீன் தொட்டிகளில் மட்டம் குறைந்தால் மிதவை வால்வு தானே திறந்து அந்தத் தண்ணீரை உள்ளே விடும். இரண்டு நாளில் வேலை முடிந்தது.

மீன்களைப் பார்த்துக்கொள்ளும் சிவந்தி குறுக்கே நின்றாள். காசிமேட்டில் பதினைந்து வருஷம் மீன் விற்றவள், என் வயதுதான். "இன்னா மேடம், அல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணி. அதுல மேலேந்து வேற ஊத்துற. ஒண்ணு கெட்டா அத்தினியும் காலி ஆயிடும்ல?"

மழைத் தண்ணீரைவிடச் சுத்தமானது எது என்றேன். அவள் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

3 ஜூலை, வியாழன்

தூறல். கூரைத் தண்ணீர் கொஞ்சம் வந்தது. ஹோட்டலிலிருந்து புதினா இன்னும் வேண்டுமாம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்த மழை ஐந்து வரை விடவில்லை. இந்த வருஷத்தின் முதல் பெரிய மழை இதுதான். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டீ குடித்தேன். பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதினாவில் பூச்சி விழுந்திருப்பதாகச் சிவந்தி சொன்னாள். மருந்து ஏதும் அடிக்கக்கூடாது, மீன் செத்துவிடும் என்று எச்சரித்தேன். "தெரியும் மேடம்" என்றாள். எட்டாம் தொட்டி மீன் தீனி எடுக்கவில்லை என்று அதன் வால்வை மட்டும் மூடித் தனியாக வைத்திருக்கிறாள்.

4 ஆகஸ்ட், திங்கள்

எல்லாம் செத்துப்போச்சு.

காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. தொட்டி மேல் யாரோ வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருந்தது. வயிறுகள். முதல் தொட்டி. இரண்டாவது. ஏழாவது வரைக்கும் ஓடினேன். ஆறு மாதம் வளர்த்தது, ஒவ்வொன்றும் உள்ளங்கையைத் தாண்டியது. ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. கையில் எடுத்தேன். கையிலேயே நின்றுபோனது.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. கீரை பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

எட்டாம் தொட்டியில் மட்டும் எல்லாம் உயிரோடு. சிவந்தி மூடிய தொட்டி.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் வேண்டும். "பூச்சி மருந்து அடிச்சியா?" என்று கத்தினேன். பாய் இருந்தார், மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். "நா எதுவும் அடிக்கல மேடம்." "அப்ப இந்தத் தொட்டிய மட்டும் ஏன் மூடின? உனக்கு முன்னாடியே தெரியுமா?" பாய் அவள் பையை வாங்கி மேஜைமேல் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, சுகர் மாத்திரை அட்டை. நான் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். "உன் கண்ணுக்கு நாந்தான் தெரிஞ்சனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

நாற்றம். குழி தோண்டினோம். சாப்பிட முடியவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

மருந்துதான் என்றால் மேடையில் இருக்கும் பூச்சி செத்திருக்க வேண்டாமா? இன்று குனிந்து பார்த்தேன். இலைக்கு அடியில் அத்தனையும் உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கின்றன.

மருந்து இல்லையென்றால், புதிதாக உள்ளே வந்தது கூரைத் தண்ணீர் மட்டும்தான்.

அப்புறம் ஏணி போட்டு ஏறினேன். தகடுகளின் துத்தநாகப் பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. மடிப்புகளில் இன்னும் விரல் கனத்துக்குக் கறுப்புப் புழுதி. சுற்றி இத்தனை புகைபோக்கிகள், கோடை முழுக்கப் படிந்தது. மழை மற்றதையெல்லாம் கழுவி என் குழாயில் இறக்கியிருக்கிறது. அடித்தொட்டியின் அடியில் கைவிட்டேன், சாம்பல் நிறச் சேறு. வால்வு மூடியிருந்ததால் அந்தத் தண்ணீர் எட்டாம் தொட்டிக்குள் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவள் மூடியது பிழைத்தது. நான் திறந்துவிட்டது செத்தது.

முதல் மழையை வெளியே தள்ளிவிட ஒரு கிளைக் குழாய் வைக்கவேண்டும். எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். நான் வைக்கவில்லை. ஏன்? அவசரமா? நமக்குத் தெரியாததா என்ற திமிரா?

ஐயோ, கீரை. ஜூலை முழுக்க அந்தத் தூறல் தண்ணீரைக் குடித்த கீரையைத்தானே விற்றோம்!

7 ஆகஸ்ட், வியாழன்

தண்ணீரும் இலையும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. முடிவு வரும்வரை ஓர் இலைகூட வெளியே போகாது என்றேன். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "மீன் செத்தத யாரும் கேக்கல. நாமளே போய்ச் சொன்னா இந்த ஜென்மத்துக்கும் நம்மகிட்ட ஒருத்தன் வாங்க மாட்டான், சிஸ்டர்."

"நம்ம வூட்டுப் புள்ளைங்களும் இதத்தான் தின்னுச்சு பாய்" என்றேன். அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். போன வாரம் பேரனுக்கு ஒரு கூடை எடுத்துப் போயிருந்தார்.

எங்களிடம் கீரை வாங்கும் பதினாறு பேரிடமும் நானே போனில் பேசினேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

9 ஆகஸ்ட், சனி

திருவொற்றியூர் குப்பத்தில் சிவந்தி வீடு. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூரைத் தண்ணீர்தான் காரணம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத்த சொல்லத்தான் இம்மாந் தூரம் வந்தியா?"

"மன்னிச்சிடு சிவந்தி."

"அத்தினி பேரு முன்னாடி கேட்டல்ல? அத்தினி பேரு முன்னாடி சொல்லு. இங்க வந்து சொன்னா எனக்குத் தெரியும், உனுக்குத் தெரியும். அவுங்களுக்கு நா திருடிதான்."

14 ஆகஸ்ட், வியாழன்

அறிக்கை வந்தது. தண்ணீரில் துத்தநாகம் மீன் தாங்கக்கூடியதைப்போல் பல மடங்கு. இலையில் ஈயம் — அனுமதித்த அளவுக்குச் சற்றுக் கீழே. யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். சற்றுக் கீழே. இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால்?

சிவந்தி வந்தாள். பாய், அன்றைக்கிருந்த மூட்டைக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். "மீனைக் கொன்னது என் வரைபடம். சிவந்தி இல்ல. அவ சொன்னா, நான் கேக்கல" என்றேன். பாய் தரையைப் பார்த்தபடி, "பையைத் தொட்டது என் தப்பும்மா" என்றார்.

சிவந்தி தலையசைத்தாள். அப்புறம் எட்டாம் தொட்டிக்குப் போய்த் தீனி போட ஆரம்பித்தாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

மேடைகளை எல்லாம் பிரித்துக் கழுவிவிட்டோம். கூரைக் குழாயை நானே அறுத்தேன்.

11 நவம்பர், செவ்வாய்

வெளியே நல்ல மழை. எல்லாம் தெருவுக்குப் போகிறது.

புது வரைபடம் முடிந்தது. மீனுக்கு நான்கு தனிச் சுற்று, கீரைக்குத் தனிச் சுற்று. வெளித் தண்ணீர் எதுவானாலும் தனித் தொட்டியில் நின்று, பத்து மீன் அதில் ஒரு நாள் பிழைத்துக் காட்டினால்தான் உள்ளே வரும். பதினாறு பேரில் ஐந்து பேர் மறுபடி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தாளின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம். பேனாவைச் சிவந்தியிடம் நீட்டினேன். ஒவ்வொரு கோடாக விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள், ஒரு மணி நேரம். பிறகு பேனாவை என் பக்கமே தள்ளினாள்.

"கரண்ட் போச்சு, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுது, அப்ப மீனுக்குக் காத்து எங்கேந்து வரும்? அத்த மொதல்ல போடு ரெஜினா. அப்பால கையெழுத்து."

மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.