புசானில் இரண்டு பேருக்கு இரண்டு நாள்

மச்சான்,

கொரியாவில் உங்கள் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் சினேகாவுக்குப் புசான் நகரத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும், செலவில்லாமல் இரண்டு நாளுக்குத் திட்டம் போட்டுக் கொடு என்று கேட்டீர்கள். அந்த ஒரு போனில் அவள் பெயரை ஒன்பது முறை சொன்னீர்கள். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாதென்பதால், சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றுதான் தேடினேன். கூட வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்து, "ஏக்கா, சுத்தப் போறது அவுக ரெண்டு பேரு, வழி தேடிக் குடுக்கது நீகளா?" என்றாள். "பேசாமச் சாப்பிடுட்டி" என்றேன்.

சனிக்கிழமை காலை கம்சியோன் மலைக்கிராமம். கட்டணம் கிடையாது, படிகள்தான் அதிகம். படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்றீர்கள். மெதுவாக வரட்டும், நீங்கள் முன்னால் போய்விடுங்கள். மதியம் சகல்சி மீன் சந்தை. மீன் வாடை அவளுக்கு ஆகாதுதான், ஆனாலும் பார்க்க வேண்டிய இடம். தங்குவதற்கு ஆண்களுக்கு ஒரு மாடி, பெண்களுக்கு ஒரு மாடி என்றிருக்கும் விடுதி. அதுதான் மலிவு.

ஞாயிறு ஹேவுண்டே கடற்கரை. டவுன் பஸ்ஸில் போங்கள். ஒருவர் மட்டும் உட்காரும் சீட் உண்டாம்.

குவாங்கல்லி கடற்கரையை மட்டும் சேர்க்கவில்லை. வருஷத்தில் ஒருநாள் அங்கே கடலுக்கு மேல் வாணவேடிக்கை விடுவார்களாம். ஆறு வருஷமாக ஃபேன்சி வெடிகளைப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறேன். உங்களோடு நின்று அவை வானத்தில் விரிவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டேன். அங்கே மட்டும் அவளோடு போகாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி