வேங்கன் இன்னும் சாகலைடி, மாரி

என் செல்ல வாயாடி மாரிக்கு,

வேங்கன் கதையோட ரெண்டாம் பாகம் வந்துருச்சுடி. கடைக்கு இன்னும் போகல. நம்ம பிரஸ்லதான் ஓடிக்கிட்டு இருக்கு. நீ இருந்திருந்தா இந்நேரம் மிசின்காரரைப் பிடுங்கி எடுத்திருப்ப. "அண்ணே, வேங்கன் வாரானா, வாரானா"ன்னு அந்த மனுசனை டீ குடிக்க விட்டிருக்க மாட்ட. நான் யாருகிட்டயும் ஒன்னும் கேக்கல. மொதத் தாளைப் பாத்ததுமே எந்திரிச்சுட்டேன். பாத்ரூம்ல போயி அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காந்தேன்.

இந்தக் கடுதாசியை நாலு பேரு படிக்கப் போறாக. அதனால உனக்குத் தெரிஞ்சதையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு, பொறுத்துக்க. நீ எங்கம்மாவோட அண்ணன் மக. ஒரே தெரு, ஒரே வேன், ஒரே பிரஸ். உங்க அண்ணன் கருப்பசாமிக்கு நான்தான்னு சின்னதுலயே பேச்சு. அதை வச்சு என்னை வம்புக்குன்னே "மதினி, மதினி"ன்னு கூப்பிடுவ. "தாலி ஏறட்டும், அப்பறம் கூப்பிடுடி கழுதை"ன்னு நானும் உன் கையில கிள்ளுவேன். தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சிருந்தாக. அதுக்கு முன்னாடி தீவாளி சீசன்ல நீ போயிட்ட. எல்லாம் அப்படியே நின்னுருச்சு.

இப்ப மாமாவும் அத்தையும் திரும்ப வந்து கேட்டுட்டுப் போயிருக்காக. உங்க அண்ணனைக் கட்டிக்கிடவா, வேண்டாமா? இந்த ஆவணி முடியுறதுக்குள்ள நான் பதில் சொல்லணும். அதை உன்கிட்டக் கேக்காம யாருகிட்டப் போயிக் கேக்க?

மொதப் பாகத்துக்கு நாம போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். இருட்டுனதும் கதவைச் சாத்துற ஒரு கோட்டை ஊரு. வெளியில நிழலாட்கள். உடம்பு கெடையாது, செத்தவங்க கொரல்ல கூப்பிடும். யாரு கூப்பிட்டாலும் தெறக்கக் கூடாது. கதவுக் காவக்காரன் வேங்கனுக்கு ஒரு நாள் செத்துப் போன அவங்கம்மா கொரல் கேட்டுருது. தெறந்துட்டான் பாவி. உள்ள வந்த நிழலாட்கள் விளக்கு ஏத்துற தழலியோட தங்கச்சியைத் தூக்கிட்டுப் போயிருது.

நான் பாரம் சேர்க்கிற மேசையில இருந்தேன். பதினாறு பக்கம் பதினாறு பக்கமா மடிச்சு வர்ற பாரத்தை வரிசைப்படி அடுக்குறது என் வேலை. அதனால கதையும் எனக்கு வரிசையாத்தான் வந்துச்சு. கதவைத் தெறந்த வேங்கனைத்தான் நான் மொதல்ல பாத்தேன். அப்பறம் அவன் எம்புட்டு அழுதாலும் எனக்கு ஒட்டவே இல்ல.

நீ மடிக்கிற மேசை. மிசின்ல எந்தப் பிளேட்டு மொதல்ல ஏறுதோ அந்தப் பாரம் மொதல்ல உன் கைக்கு வரும். முன்னுக்குப் பின்னாத்தான் வரும். அந்தப் புள்ளையைத் தேடிக்கிட்டு, தன்னோட நிழலைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்து நிழலாட்களுக்குக் கூலியாக் குடுத்துக்கிட்டு, காட்டுல ஒத்தையில அலையுற வேங்கன்தான் உனக்கு மொதல்ல கெடைச்சான். அவன் என்ன செஞ்சான்னே உனக்குத் தெரியாது. அதுக்குள்ள அவன் மேல உசுர வச்சுட்ட. கதவைத் தெறந்த பாரம் நாலு நாள் கழிச்சு வந்தப்ப, "அடப்பாவி, இதுக்குத்தானாடா இம்புட்டு அழுத"ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே மடிச்ச.

"ஊருக் கதவையே தெறந்து விட்டவன்டி அவன்"னு நான் சொன்னேன்.

"எங்கம்மா கூப்பிட்டா நானும்தான் தெறப்பேன். நீ தெறக்க மாட்டியாக்கும்?"னு நீ கேட்ட.

"மாட்டேன்."

"உன்னையெல்லாம் எப்படித்தான் எங்கண்ணன் கட்டப் போகுதோ!"

போர்மேன் அண்ணாச்சி வந்து, "ஏத்தா, மடிக்க வந்தீகளா, படிக்க வந்தீகளா?"ன்னு சத்தம் போட்டப்பறம்தான் வாயை மூடுனோம். வேன்ல ஏறுனதும் திரும்பத் தொடங்கிட்ட. வீட்டுக்குப் போயும் விடல. உங்க அண்ணன் சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்து, அச்சுல கெட்டுப் போன தாளையெல்லாம் வச்சுக்கிட்டுச் சத்தமாப் படிப்ப. அது ரசத்துக்குச் சோறு பெசைஞ்சுக்கிட்டு "ம்" கொட்டும். செவுத்துக்குப் படிச்சுக் காட்டுற மாதிரி இருக்குடின்னு நான் உன்னைக் கேலி பண்ணுவேன்.

அப்பறம் அந்த வாரம். நம்ம பிரஸ்ல வேலை கொறைச்சல், காலண்டர் சீசன் இன்னும் சூடு பிடிக்கல. எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில உங்க அண்ணன் பொறுப்புல உள்ள வெடி செய்யுற ரூமுக்கு ஆர்டர் நெருக்குது. "ஒரு வாரத்துக்கு வந்து கை குடு மாரி, ஆளு பத்தல"ன்னு கூப்பிட்டுச்சு. ரூமு செவுத்துல இத்தனை பேருதான் உக்காரணும்னு எழுதியிருக்கும். அதுக்கு மேல ஒரு ஆளா உன்னை உக்கார வச்சுச்சு. லோடு வேன் வந்துருச்சான்னு பாக்க அது வெளிய போயிருந்துச்சு. அம்புட்டுதான். வெடிச்ச சத்தம் பிரஸ் வரைக்கும் வரல. போன்தான் வந்துச்சு.

உள்ள ஓடி உன்னைத் தூக்குனது உங்க அண்ணன்தான். ரெண்டு கையும் வெந்துருச்சு. ஊரே அந்தக் கையைப் பாத்து உச்சுக் கொட்டுச்சு. நான் கொட்டல. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன், உங்க அண்ணன் கட்டில் கிட்டப் போகாம வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டேன்.

நீ என்னை விட்டுப் போகவும் இல்லடி, அதையும் சொல்லணும். காலையில தெருமுக்குல வேன் ஹாரன் அடிக்கும்ல, அப்ப உன் கொரல் கேக்குது. "ஏ பாண்டி, ஜன்னல் சீட்டு எனக்கு!" நெசமாவே கேக்குது. தட்டைப் போட்டுட்டு எந்திரிச்சு வாசலுக்குப் போயிருவேன். வாசல்ல கோழிதான் நிக்கும். எங்கம்மா பயந்து போயிக் கோடாங்கியைக் கூட்டிட்டு வந்துச்சு. அவரும் உடுக்கடிச்சுத் திருநீறு போட்டு, அவ இனி வர மாட்டான்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாளு ஹாரனுக்குச் சரியா வந்து நின்னுட்ட நீ. உன்னை அடக்க அவரால முடியுமா?

வேன்ல உன் எடத்துல இன்னும் யாரும் உக்காரல. யாரும் வேண்டாம்னு சொல்லல, அதுவா அப்படி ஆயிருச்சு. டிரைவர் அண்ணன் மட்டும் கண்ணாடியில ஒரு தடவை பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்காரு.

ரெண்டாம் பாகத்துக்கு அண்ணாச்சி என்னை எங்க உக்கார வச்சாரு தெரியுமா? உன் மேசையில. "மடிக்க ஆளு இல்ல பாண்டியம்மா, நீயே உக்காரு"ன்னுட்டாரு. மேசை ஓரத்துல நீ தாள் மடிப்பை அழுத்துற மடிப்பெலும்பு தேச்சுத் தேச்சு வழுவழுன்னு ஆன எடம் அப்படியே இருக்கு. கையை வச்சா வழுக்குது. ரெண்டு நாளைக்கு அந்த எடத்தைத் தொடாமலே மடிச்சேன்.

இப்பப் பாரம் எனக்கும் முன்னுக்குப் பின்னாத்தான் வருது. மொதல்ல வந்தது நடுவுல உள்ள பாரம். வேங்கன் இருக்கான்டி! நிழலே இல்லாம, ஒடிஞ்ச ஈர்க்குச்சி கணக்கா, கோட்டைக் கதவுக்கு வெளியில நிக்கான். உள்ள விடல. உள்ள காவலுக்கு நிக்கிறது யாரு? தழலி! தழலிக்கு இப்பத் தங்கச்சி கொரல் கேக்குது. "அக்கா, குளுருதுக்கா, தெறக்கா." அவ கை தாழ்ப்பாளுக்குப் போயிருது. மொதப் பாகம் முழுக்க வேங்கனைக் காறித் துப்புனவ அவ. அவளே தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டா. வெளியில இருந்து வேங்கன் கதவுல முதுகை முட்டுக் குடுத்துக்கிட்டுக் கத்துறான்: "தெறக்காத தழலி, அது அவ இல்ல. எனக்குத் தெரியும். தெறந்தவன் சொல்றேன், தெறக்காத."

நான் மடிக்கிறதை நிப்பாட்டிட்டேன். மாட்டேன்னு உன்கிட்ட அம்புட்டு வீறாப்பாச் சொன்னேனே. தெனமும் ஹாரன் சத்தத்துக்கு எந்திரிச்சு ஓடுறவ யாரு? நான்தானே? நீ பக்கத்துல இருந்தா "சொன்னேன்ல?"ன்னு கேட்டு என் உசுர எடுத்திருப்ப.

அத்தை வந்து கேட்டது அதுக்கு மறுநாளுதான். மெலிஞ்சு போயிட்டாகடி. மாமா தரையையே பாத்துக்கிட்டு இருந்தாக. "அவன் சோறும் திங்க மாட்டேங்கான், பேசவும் மாட்டேங்கான். உன்னைக் கட்டாயப்படுத்தல தாயி. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு, அதையும் தாங்கிக்கிடுதோம்"னாக அத்தை. எங்கம்மா அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போயி, "வேண்டாம்டி, அந்த வீட்டுல நீ நிம்மதியா இருக்க மாட்ட"ன்னு காதுல சொல்லுச்சு. எங்கம்மா சொல்றதும் நெசம்தான்.

அப்பறம் உங்க அண்ணனே வந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரம், பிரஸ் கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்துக்கிட்ட நின்னுச்சு. முழுக்கைச் சட்டை, அந்த வெயிலுல. கையைப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன், பாத்துட்டேன். தோலு இழுத்துப் பிடிச்சு, வெரலு முழுசா விரிய மாட்டேங்குது. கல்யாணத்தைப் பத்தித்தான் கேக்கப் போகுதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"ரெண்டாவது புக்கு வந்துருச்சாம்ல?"ன்னு கேட்டுச்சு.

"ம்."

"அந்த வேங்கன் என்ன ஆனான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீக? சோத்துலதானே கண்ணா இருந்தீக?"

"காது சும்மாத்தானே இருந்துச்சு" அப்படின்னுச்சு. "அவன் திரும்பி வருவான்னு மாரி சொல்லிக்கிட்டே இருப்பா. செத்துட்டானா?"

"சாகல. கதவுக்கு வெளிய நிக்கான்."

"உள்ள விட்டாகளா?"

"தெரியல. அந்தப் பாரம் இன்னும் அடிக்கல."

உங்க அண்ணன் மரத்தை விட்டு நகந்து கிட்ட வந்துச்சு. அப்பறம் கேட்டுச்சு: "பாண்டி, அந்த ரூமு செவுத்துல எத்தனை பேருன்னு எழுதியிருக்கும்ல? பெயிண்ட் வாங்கி அதை எழுதுனதே நான்தான். என் கையாலதான் எழுதுனேன். அதுக்குக் கீழதான் அவளை உக்கார வச்சேன். எல்லாரும் விதிங்காக. நீயும் அப்படித்தான் சொல்லுவியா?"

மாரி, நான் பொய் சொல்லல. "விதி இல்ல. நீங்கதான் செஞ்சீக"ன்னேன். வாய் விட்டுச் சொன்னேன். சொல்லிட்டு ரோட்டுலயே அழுதேன். உங்க அண்ணன் தலையை ஆட்டுச்சு. அம்புட்டு நாளா யாராவது இதைச் சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆட்டுச்சு.

போறப்ப நின்னு திரும்பிச்சு. "காலையில வேன் ஹாரன் அடிக்கும்போது அவ கொரல் கேக்குது. கதவைத் தெறந்துக்கிட்டு ரோடு வரைக்கும் போயிருதேன். ஒரு நாளைக்கு அப்படியே அவ கூடவே போயிருவேனோன்னு பயமா இருக்கு பாண்டி. ஒனக்குக் கேக்குதா?"

எந்திரிச்சு ஓடுறது நான் மட்டும் இல்லையாடி? ரெண்டு வீட்டுக்கும் போயி நிக்கியா நீ? எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லாததை நான் உங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். "கேக்குது"ன்னு சொன்னேன்.

உன் மேசையில உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். உங்க அண்ணனை நான் வரிசைப்படிதான் படிச்சிருக்கேன். கூப்பிட்டுச்சு, உக்கார வச்சுச்சு, நீ போன. அதுக்கப்பறம் அந்தக் கை வந்துச்சு, எனக்கு ஒட்டல. நீயா இருந்தா அந்தக் கையைத்தான் மொதல்ல பாத்திருப்ப. என்னால அப்படி முழுசா முடியாதுடி. நான் நீ இல்ல. ஆனா அந்தக் கொரலு கேட்டா எந்திரிச்சுப் போற ஆளை அங்கன ஒத்தையில விட என்னால ஆகாது.

கடைசிப் பாரம் இன்னும் மிசினுக்கு ஏறல. தழலி அவனை உள்ள விடுவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது. அது வர்ற வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்ல. இந்தக் கடுதாசியைப் பாதியில வச்சிருந்தேன், நேத்துச் சாயங்காலம் வேனை விட்டு எறங்குனதும் நேரா உங்க வீட்டுக்குப் போயி, அத்தைகிட்டச் சரின்னு சொல்லிட்டேன். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சிராத. இன்னும் மன்னிக்கல. அதை உங்க அண்ணன் முகத்துக்கு நேராவே சொன்னேன். "தெரியும்"னு சொல்லுச்சு.

உனக்கு ஒரு சத்தியம் பண்றேன். கடைசிப் பாரம் வந்ததும், உங்க அண்ணன் சாப்பிடும்போது நீ உக்காருற எடத்துல உக்காந்து சத்தமாப் படிப்பேன். "ம்" கொட்டலைன்னா சோறு கெடையாது. காலையில ஹாரன் அடிக்கும்போது நீ வா. உன்னைத் தடுக்க எந்தக் கோடாங்கியையும் கூட்டிட்டு வர மாட்டேன். ஆனா எங்க ரெண்டு பேருல ஒருத்தரு எந்திரிச்சா, இன்னொருத்தரு கையைப் பிடிச்சு உக்கார வச்சிருவோம். ஜன்னல் சீட்டு உனக்குத்தான். எங்க அத்தானை மட்டும் கூட்டிட்டுப் போகக் கூடாது.

தாலி இன்னும் ஏறலதான். பரவாயில்ல, இனிமே கூப்பிட்டுக்கடி. கிள்ள மாட்டேன்.

உன் மதினி,
பாண்டியம்மா