கைக்குப் போட்ட ஆஃப்செட்

அண்ணா,

நேற்று எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்குப் புதுக் கையுறைப் பெட்டி வந்தது. அதே பச்சை நிறம். பெட்டியைப் பிரித்ததும் ரப்பரும் மாவும் கலந்த அந்த வாசனை வந்தது. ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கையுறையின் அந்த விரலைத்தானே நீ கத்தரியால் வெட்டி வீட்டுக்கு எடுத்து வருவாய்.

பயப்படுகிறேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் நீ சிரிப்பாய். போன வாரம் இடைவேளையில் காகிதக் கப்பிலிருந்து டீ என் விரல் மேல் சிந்தியது. யாரும் இடிக்கவில்லை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அளக்க மைக்ரோமீட்டரில் வைக்கப் போன ஒரு புஷ், அந்தச் சின்ன இரும்பு வளையம், கை நழுவித் தரையில் உருண்டது. பக்கத்து மேசைப் பெண் குனிந்து எடுத்துக் கொடுத்து, கல்யாணக் கனவா என்று கேலி செய்தாள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் என் கையைத்தான் பார்க்கிறேன். குழம்புக் கரண்டியைப் பிடிக்கும்போது, கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, பூட்டில் சாவியை நுழைக்கும்போது. பார்த்தால் நடுங்குகிறது. பார்ப்பதால்தான் நடுங்குகிறதா என்று தெரியவில்லை.

விரல் அசைவைக் கோடாக்கும் அந்த மென்பொருளை எதற்குச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொழுதுபோக்கு என்றே சொன்னாய். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். கம்பெனியில் நீ கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி லேத்தில் நின்றாய். ஷிஃப்ட் முழுக்க மெஷின்தான் கோடு இழுக்கும், வளைவு போடும். நீ கதவை மூடிப் பட்டனை அழுத்துவாய். "என் கை ஆடணும், மிஷின் பின்னால வரணும். ஒரு நாளாவது" என்றாய். பெங்களூருக்குப் போய் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி வந்தாய். அதன் கேமரா மேல் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசை என்ன தேய்த்தும் போகவில்லை. இணையத்தில் வீடியோ பார்த்து, தப்பும் தவறுமாக எழுதி, திட்டிக்கொண்டே அழித்து, மறுபடி எழுதினாய். பாகலூர் ரோட்டில் நம் மாடி அறையில் மாதக்கணக்கில் இதே கூத்துதான். கையுறையிலிருந்து வெட்டிய விரலை மாட்டிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் கையை அசைத்தால், அந்தப் பச்சையைப் பின்தொடர்ந்து திரையில் வண்ணக் கோடு ஓட வேண்டும். வேகமாகப் போனால் மெல்லிசாக, தயங்கினால் தடிப்பாக. உன் திட்டம் அவ்வளவுதான்.

முதன்முதலாகக் கோடு ஓடிய அன்று அம்மா பச்சைச் சேலையில் குறுக்கே நடந்துவிட்டாள். கோடு உன் விரலை விட்டுவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரை முழுக்கப் பறந்தது. கரண்ட் ஏதாவது அடித்துவிட்டதா என்று அவள் பதறிப் போனாள். நீ அந்தப் படத்தை அழிக்கவே இல்லை. 'அம்மா காய் வாங்கப் போகிறாள்' என்று அதற்குப் பெயர் வைத்தாய். அதன்பிறகு உன் அறைக்குள் பச்சை உடுத்தி வரத் தடை விதித்தாய்.

கீழ்வீட்டு ஓனர் அக்கா வந்தது நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் தெலுங்கு, காய்காரரிடம் கன்னடம், நம்மைத் திட்டுவதற்குத் தமிழ் என்று மூன்றையும் பிரித்து வைத்திருப்பவர். பச்சை விரலை மாட்டிக்கொண்டு காற்றிலேயே ஒரு சிக்குக் கோலம் போட்டார். திரையில் அதைப் பார்த்ததும், "காத்துல போட்டா யாரும் மிதிக்க மாட்டாங்க, பாபு" என்று உன் முதுகில் தட்டினார். அந்தக் கோலம் இன்றைக்கு எனக்கு என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

நீ வெட்டும் துண்டுகளை நான் அளப்பேன். வெட்டுகிற டூல் தேயத் தேயத் துண்டின் அளவு மெல்ல ஏறும். "ஏறுது" என்று நான் தடுப்புக்கு அப்பாலிருந்து கை காட்டுவேன்; நீ மெஷினில் ஒரு சின்ன எண்ணைத் தட்டுவாய், அதுதான் ஆஃப்செட். தேய்ந்த டூல் தேய்ந்தபடியேதான் இருக்கும். ஆனால் அந்தத் தேய்மானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மெஷின் வெட்டும், அடுத்த துண்டு சரியான அளவில் வந்து விழும். டூலை மாற்ற வேண்டுமானால் லைனை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் எந்த மெஷின் ஷாப்பிலும் கை முதலில் போவது ஆஃப்செட்டுக்குத்தான்.

வீட்டிலும் அதையே செய்தோம். ஒருநாள் உன் கோடு லேசாக நடுங்கியது. "ஆடுது" என்றேன். கேமரா பழசு, அறையில் வெளிச்சம் போதவில்லை என்றாய். உட்கார்ந்து நிரலில் ஒரு வரியைச் சேர்த்தாய்; நடுக்கத்தை மழுங்கடித்துக் கோட்டை வழவழப்பாகக் காட்டும் வரி. அதற்கும் ஆஃப்செட் என்றே பெயர் வைத்தாய். கோடு நேராக வந்தது. சில வாரம் கழித்து மறுபடி ஆடியது, எண்ணைக் கூட்டினாய். நான் சொல்வதும் நீ கூட்டுவதும் வேலையிடத்தைப் போலவே பழகிப்போனது. "கை எப்பிடிப் போச்சோ அப்பிடியே உள்ள பதிஞ்சிருக்கும், அத நான் தொட மாட்டன். மேல காட்டறதுலதான் திருத்தம்" என்று பெருமையாகச் சொல்வாய்.

எண் கூடக் கூட உன் படங்களில் மூலைகள் காணாமல் போயின. வீடு வரைந்தால் அதன் முனைகள் உருண்டுவிடும். பஸ் வரைந்தால் பன் ரொட்டி மாதிரி வரும். இது உன் பாணி என்று இரண்டு பேரும் ரசித்தோம். அவ்வளவு அழகாக இருந்தது.

ஆயுத பூஜை அன்றுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. மெஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, லைன் மொத்தமும் நின்றிருந்தது. நீ லேப்டாப்பைக் கொண்டுவந்து பெரிய திரையில் இணைத்திருந்தாய். ஆளாளுக்குப் பச்சை விரலை மாட்டி வரைந்து கூச்சல் போட்டார்கள். கடைசியில் உன்னை வரையச் சொன்னார்கள். நான் உனக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கேமரா முன்னால் எழுந்த உன் கை நடுங்கியது, அண்ணா. விரல் நுனி ஒரு இடத்தில் நிற்கவில்லை. திரையிலோ கோடு கம்பி இழுத்ததுபோல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். கையைப் பார்த்தவள் நான் மட்டும்தான். கையையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்புறம் கற்பூரத் தட்டை உன்னிடம் கொடுத்தார்கள். அதற்கு ஆஃப்செட் இல்லை. தட்டு தடதடத்தது, கற்பூரம் விளிம்புக்கு நகர்ந்தது. பூஜைக்கு முன்னாடியே ஊத்திக்கினியா என்று யாரோ சிரித்தார். நீ குடிப்பவன் இல்லை. அப்பாவைப் பற்றியும் ஊரில் அதையேதான் சொன்னார்கள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னை ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். நீ வரைந்ததைப் பார்த்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூளையின் பின்பக்கத்தில் ஒரு பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது, மெதுவாகத்தான் போகும், நிறுத்த மருந்து இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இது குடும்பத்தில் இறங்கி வருகிற நோய், உங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றார். நான் காது கேளாதவள் மாதிரி உன் ரிப்போர்ட்டுகளைக் கவரில் திணித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நகரவே இல்லை. நீ வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஆஃப்செட்டுக்கும் ஒரு எல்ல இருக்கு, பாப்பா. அதுக்கு மேல டூல மாத்தணும். என்ன எங்க கழட்டி மாத்தறது?" சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். கொஞ்சம் கழித்து, சிரிப்பில்லாமல், "நீயும் பாத்துடு" என்றாய். பார்க்கலாம் என்றேன். இன்று வரை பார்க்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நீ வேலையை விட்டாய், பிறகு நடையை, பிறகு பேச்சை. ஆனால் அந்தப் பச்சை விரலை மட்டும் விடவில்லை. எண்ணை ஏற்றி ஏற்றிக் கடைசியில் கோடு உன் கைக்கு ரொம்பப் பின்னால் வர ஆரம்பித்தது. நீ அசைத்துவிட்டுக் காத்திருப்பாய், கோடு நிதானமாக வந்து சேரும். அப்போதும் வழவழப்பாகத்தான் இருந்தது. விழுங்குவதே பெரும்பாடாகி, நெஞ்சில் சளி கட்டி நீ போன பிறகு, அந்த லேப்டாப்பைத் துணி சுற்றிப் பரண் மேல் வைத்தேன். தொடவே பயமாக இருந்தது. தினமும் காலையில் ஷாப்புக்குள் நுழையும்போது, நடப்பதற்காகத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டின் மேல் கால் பிசகாமல் நடந்து பார்க்கிறேன். யாராவது கவனிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. இது எனக்கு எப்போது வழக்கமாகிப் போனது என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் நாகரசம்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாந்தோப்பு இருக்கிறதாம், பையன் நல்ல மாதிரியாம். அம்மா இப்போதே வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ நேற்றைய கையுறை வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. இன்று ஞாயிறு. காலையில் பலகாரம் ஆனதும் லேப்டாப்பை இறக்கினேன். பேட்டரி செத்துவிட்டது, வயரைச் செருகினால்தான் உயிர் வருகிறது. ஆஃப்செட்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, நிரலில் முதல் வரியாக வைத்திருந்தாய். அதிலிருந்த எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் அடித்தேன்.

என் கையை நீட்டத் தைரியம் வரவில்லை. அதனால் முதலில் ஓனர் அக்காவின் கோலத்தைத் திறந்தேன். நீ செய்த மென்பொருள் படத்தை அப்படியே காட்டாது, வரைந்த அசைவையே மறுபடி ஓட்டிக் காட்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கோடு கிளம்பியது, வளைந்தது, சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. துளி நடுக்கம் இல்லை. நீ குறை சொன்ன அதே கேமரா, அதே அறை, அதே வெளிச்சம். குற்றம் அதில் எதிலும் இல்லை.

பிறகு உன் வீட்டுப் படத்தைத் திறந்தேன். நீ இல்லாத அறையில் உன் கோடு தானாக நகரத் தொடங்கியதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். அது நீ போகிற அதே வேகம். நீ தயங்குகிற இடத்தில் தடித்தது. சுவர் ஏறும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது, முனைக்கு வந்து திரும்பப் பார்த்தது, தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி முயன்றது. மூலைகள் இருந்தன, அண்ணா. உருண்டை வீட்டை நீ ஒருநாளும் வரையவில்லை. ஒவ்வொரு மூலைக்கும் போய்ச் சேர அவ்வளவு பாடுபட்டிருக்கிறாய். நான் அழுதுவிட்டேன். உனக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே, "இது அவன் கையி" என்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா கையும் இப்பிடித்தான் ஆடும். குடிச்சாரு, இல்லன்னு சொல்லல. குடிக்காத நாளும் ஆடுச்சி, கண்ணு. யாருகிட்ட சொல்றது? வாய மூடிக்கினு இருந்துட்டன்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது, கட்டியிருந்த பச்சைச் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். "வரை" என்றாள்.

டப்பாவிலிருந்து உன் பச்சை விரலை எடுத்து மாட்டினேன். எனக்குத் தொளதொளவென்று இருந்தது, நூல் சுற்றிக்கொண்டேன். இடமிருந்து வலமாக ஒரே ஒரு கோடு போட்டேன்.

ஆடியிருக்கிறது. அது உன்னுடைய ஆட்டமா, பயந்துபோன எவள் போட்டாலும் வருகிற ஆட்டமா, எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அளந்து சம்பளம் வாங்குகிறவள், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கை தானாகவே கீபோர்டுக்குப் போனது. ஒரு சின்ன எண்ணைத் தட்டினால் போதும், கோடு நேராகிவிடும், இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் அழுத்தமாக, அசையாமல் இருந்தன. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பெங்களூர் போகிறோம், அம்மாவும் வருகிறாள். நாகரசம்பட்டிக்குப் போன் செய்து இப்போதைக்கு வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். முடிவு வரும் வரை எப்படி இருக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. வந்த பிறகு எப்படி இருப்பேன் என்று யோசிக்கவே முடியவில்லை. உன் பச்சை விரல் என் கைப்பையில், ஐடி கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது, அண்ணா. அந்த எண்ணை மட்டும் பூஜ்ஜியத்திலேயே விட்டிருக்கிறேன்.