பிராம்பிள் வாய் மூடிய சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், ஸ்காட்லாந்துக் குளிரில் மூக்கு மட்டும் தக்காளி. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வேட்டையில் சுட்டு விழும் பறவைகளை எடுத்துவர என் பொறுப்பில் இருக்கும் லாப்ரடார் நாய் பிராம்பிள், தன் முறை வருமுன்பே சிணுங்கிப் பறவைகளைக் கலைத்துவிடுகிறாள். "சனிக்கிழமையும் சிணுங்கினா, அவ இந்த எஸ்டேட்ல இருக்க மாட்டா" என்றார் வேட்டைப் பொறுப்பாளர் ஆர்ச்சி. இத்தனை நாளும் "ஷ்ஷ், கண்ணு" என்று தடவிக்கொடுத்தது நான்தான். மகாராணி அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு சுருதி கூட்டியிருக்கிறாள்!

சனிக்கிழமை நான் தடவவே இல்லை. சிணுங்கினால் ஓட்டம் கிடையாது என்று அவளுக்குப் புரிய, அவள் சிணுங்கியபோதெல்லாம் சுட்டு விழுந்த ஃபெசன்ட் கோழிகளை நானே சேற்றில் ஓடி எடுத்துவந்தேன். துப்பாக்கிக்காரர் ஒருவர் கேட்டார்:

"ஏம்மா கெரன்சா, உங்க ரெண்டு பேர்ல நாய் யாரு?"

"ஓடுறது நான் சார். நின்ன எடத்துல வேடிக்கை பாக்குறது அவளும் நீங்களும். நீங்களே சொல்லுங்க!"

பன்னிரண்டாவது கோழி விழுந்தபோது அவளிடம் சத்தமே இல்லை. உடனே அவளை அனுப்பினேன். ஓடையைத் தாண்டிப் போய், இறகு கசங்காமல் கொண்டுவந்தாள். ஆர்ச்சி எங்கோ பார்த்தபடி, "திங்கக்கெழமையும் அவளக் கூட்டிட்டு வா" என்றார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உங்கள் பழைய ஸ்வெட்டரும் வேண்டும், பிராம்பிளுக்கு விரிக்க. துவைக்காமல், உங்கள் வாசனையோடு அனுப்புங்கள். அவளுக்குத்தான், நிஜமாக.

வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் சேற்று மகள்,
கெரன்சா